பச்சை ஏறாத மீன்கள்

அத்தியாயம் ஐந்து

"இந்தப் பொண்ணு, அவளோட சார், ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றாங்க," என்றாள் அண்ணி.

"அப்ப பொய் சொல்றது யாரு? மீனா?"

"மீன்தான்."

வானொலி வாயைத் திறந்தபடி நின்றான். அவன் வாய் திறந்திருப்பது அதிசயமில்லை. சத்தம் வராமல் திறந்திருப்பதுதான் அதிசயம்.

அண்ணி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலமெல்லாம், எரியாத கடை எரிந்ததாகவும் விழாத மனிதர் விழுந்ததாகவும் சொல்லிக்கொண்டு வந்தவர்களை விசாரித்தே ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது கதவைத் தட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். தட்டாத நாட்களில் வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. அதனால் வருகிறவர்களை அவள் திருப்பி அனுப்புவதில்லை. வானொலி என்று எல்லோரும் கூப்பிடும் இவன், அவளுடைய மறைந்த கணவரின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாதவன். "இவனைச் செஞ்சப்ப அணைக்கிற பட்டனை வைக்க மறந்துட்டாங்க" என்று அவன் அண்ணனே சொல்வார். அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டு, ஊரார் வாயிலும் அவளுக்கு அதுவே பெயராக நின்றுவிட்டது.

இப்போது இருவரும் நிற்பது, அப்படிக் கதவைத் தட்டிய ஒரு பெண் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தின் மீன் அறையில். ஜன்னல் இல்லாத அறை. சுவரோரம் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் காற்றுக் குழாய் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. தொட்டிகளுக்குள் விரல் நீள மீன்கள், கண்ணாடியில் வார்த்த மாதிரி. உடம்புக்குள் முள் முதற்கொண்டு தெரிந்தது.

"மீன் பொய் சொல்லாது, மேடம்," என்றாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சிப் பெண். வெள்ளைக் கோட்டின் பையில் கையை விட்டுக்கொண்டு, குளிர்கிற மாதிரி ஒடுங்கியிருந்தாள். "அது தன் உடம்புல என்ன நடக்குதோ அதைத்தான் காட்டும்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். அதோட உடம்புல என்னமோ நடந்திருக்கு. நம்ம கேள்விக்கு அது வேற யாருக்கோ சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லுதுன்னு வச்சுக்கோ. முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லு. இவனுக்கும் புரியணும்."

"எனக்குப் புரியணும்னா ரொம்ப இறங்கி வரணும், டாக்டரம்மா," என்றான் வானொலி. "நான் அஞ்சாம் கிளாஸ்லயே அறிவியலோட பேச்சுவார்த்தையை முறிச்சுக்கிட்டவன்."

அவள் சிரிக்கவில்லை. நாளைக் காலை அவள் மேல் விசாரணை. அவள் வெளியிட்ட படங்கள் ஜோடிக்கப்பட்டவை என்று முடிவானால் வேலை போகும். வேலையோடு பெயரும் போகும். அப்புறம் எந்த ஆராய்ச்சிக்கூடமும் அவளை வாசலோடு அனுப்பிவிடும்.

"சிறுநீரகம் வடிகட்டும்னு எல்லாருக்கும் தெரியும்," என்று ஆரம்பித்தாள். "ஆனா வடிகட்டறதோட விட்டுடாது. அதுக்குள்ள நூல் மாதிரி குழாய்ங்க இருக்கு. குழாயோட சுவரே செல்லுங்கதான். வடிகட்டினதுல தப்பிச்சு ரத்தத்துலயே சுத்திக்கிட்டிருக்கற ஒரு வகை அமிலங்களை, அந்த செல்லுங்க தேடிப் பிடிச்சு உள்ள இழுக்கும்."

"அமிலம்னா, பாட்டில்ல மண்டையோடு போட்டிருக்குமே, அதா?"

"அது இல்ல. உடம்பே உண்டாக்கற கழிவுல சிலது, சில மருந்து, சில சாயம். எல்லாம் ஒரே ஜாடை. அதை செல்லுங்க இழுத்து இழுத்துத் தனக்குள்ள சேர்த்துக்கும். ரத்தத்துல இருக்கறதைவிடப் பல மடங்கு செல்லுக்குள்ள குவிஞ்சு கிடக்கும். அப்புறம் அந்தப் பக்கம் குழாய்க்குள்ள தள்ளி, வெளிய அனுப்பிடும்."

"இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கணும். பஸ் மாதிரி."

அவள் அவனை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா. பஸ் மாதிரிதான். நான் மீனுக்கு ஊசி முனையில பச்சைச் சாயம் ஏத்துவேன். அதுவும் அந்த ஜாதி அமிலம்தான். நீல வெளிச்சத்துல வச்சுப் பார்த்தா, முதல்ல உடம்பு முழுக்கப் பச்சையா இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா உடம்பு தெளிஞ்சு, முதுகெலும்பு ஓரமா ரெண்டு கோடு மட்டும் எரியற மாதிரி பச்சையா நிக்கும். சிறுநீரகம்."

சுவரில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. இருட்டுக்குள் இரண்டு பச்சை இழைகள்.

"இப்ப?"

அவள் எழுந்து விளக்கை அணைத்தாள். உருப்பெருக்கியின் அடியில் சின்னக் கிண்ணம்; அதில் காலையில் சாயம் ஏற்றிய மீன். அண்ணி குனிந்து பார்த்தாள். உடம்பு முழுவதும் பச்சை மூட்டம். முதுகெலும்பின் ஓரத்தில் எதுவுமே எரியவில்லை.

"எந்த மீனை எடுத்தாலும் இப்படித்தான். ஒண்ணுகூட இழுக்க மாட்டேங்குது."

"எப்பலேர்ந்து?"

"நான் லீவு போட்டுட்டுத் திரும்பி வந்ததுலேர்ந்து."

"எதுக்கு லீவு?"

"அம்மா போயிட்டாங்க." சொன்னவள் உடனே விளக்கைப் போட்டாள். "டைரக்டருக்குச் சந்தேகம் வந்துடுச்சு. இந்தச் சாயம் ஏத்தற முறையைக் கண்டுபிடிச்ச சாரையே கூப்பிட்டு, நீங்க உங்க கையால செஞ்சு பாருங்கன்னார். சார் ரிட்டயர் ஆனவர். எனக்குப் பாடம் சொன்னவர். அவர் திரும்பத் திரும்ப செஞ்சு பார்த்தார். ஏறல. ஏறலன்னு சொல்லிட்டார்."

"கிழவருக்குப் பொறாமை, அண்ணி," என்று வானொலி காதைக் கடித்தான். காதைக் கடித்தது பக்கத்துக் கட்டடம் வரை கேட்டது. "இல்லன்னா பக்கத்து ரூம்காரர்."

"பக்கத்து ரூம்காரரை நீதானே விசாரிச்சே?"

"விசாரிச்சேன். மீன் வாடைக்கே மயக்கம் போட்டு விழுந்தவராம். வாட்ச்மேன் தண்ணி தெளிச்சு எழுப்பினாராம். அவர் பேரை லிஸ்ட்லேர்ந்து அடிச்சாச்சு."

"அப்ப சும்மா இரு."

அவன் சும்மா இருந்தான். அதாவது, தொட்டியோரம் போய் மீனிடம் பேச ஆரம்பித்தான். "என்னப்பா, ஏன் இந்தப் பொண்ணு பொழப்பைக் கெடுக்கறீங்க? ஆமா, உங்களுக்கெல்லாம் வால்ல என்ன கோடு? ஒரே தையக்காரன்கிட்ட ஒட்டுப் போட்டுக்கிட்டீங்களா?"

அண்ணி சட்டென்று திரும்பினாள். "என்ன கோடு?"

"பாருங்க. எல்லா வால்லயும் பாதிக்கு மேல புதுசா ஒட்டின மாதிரி."

ஆராய்ச்சிப் பெண் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவு குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"புது வால்," என்றாள் கடைசியில். "அழுகி உதிர்ந்து, திரும்ப வளர்ந்திருக்கு. எல்லாத்துக்கும். மேடம், இது நோய். இது வந்தா தொட்டியே காலியாயிடும்."

"நீ இத்தனை நாளும் இதைப் பார்க்கலியா?"

"நான் சிறுநீரகத்தைத்தானே பார்த்தேன்."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"காலியாகல," என்றாள் அண்ணி. "நீ ஊர்ல இல்லாதப்ப இதுங்களுக்கு நோய் வந்திருக்கு. நீ வர்றதுக்குள்ள தேறியிருக்கு. தானா தேறுமா?"

"தேறாது."

"அப்ப யாரோ வைத்தியம் பார்த்திருக்காங்க. பார்த்துட்டு, பார்த்தேன்னு சொல்லாம இருக்காங்க. இந்த அறைக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. ஆபீஸ்ல ஒண்ணு. அவ்வளவுதான்."

"உங்க சார்கிட்ட?"

"ரிட்டயர் ஆன அன்னிக்கே திருப்பிக் கொடுத்துட்டார்."

"லீவுல போறப்ப யாரைப் பார்த்துக்கச் சொன்னே?"

"யாரையும் இல்ல. தீனி போடற மெஷின் வச்சிருக்கு."

"பக்கத்துல அத்தனை பேர் இருக்காங்களே, ஒரு வார்த்தை..."

"யார்கிட்ட சொல்றது, மேடம்?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. வழி தெரியாதவள் வழி கேட்கிற மாதிரி கேட்டாள்.

அவளுடைய மேசை மேல் அகலமான ஜாடி ஒன்றிருந்தது. அதற்குள் ஒரே ஒரு மீன், ஜாடியின் அடியில் அசையாமல் நின்றது.

"இவர் யாரு? தனிக்குடித்தனமா?"

"மத்ததையெல்லாம் கடிச்சுத் துரத்தும். அதனால பிரிச்சு வச்சிருக்கேன். பரிசோதனைக்கு இல்ல. சும்மா." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "ஊருக்குப் போறப்ப இதை மட்டும் மடியில வச்சு எடுத்துட்டுப் போனேன். பஸ்ல எல்லாரும் பார்த்தாங்க."

அண்ணி அந்த மீனின் வாலைப் பார்த்தாள். கோடு இல்லை.

* * *

ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு மரியாதைக்காக விட்டுவைத்திருந்த அறை, மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. உயரமானவர் நிமிர்ந்தால் தலை இடிக்கும், பேராசிரியர் உயரமானவர். பழகிப்போய், உட்கார்ந்திருக்கும்போதும் கொஞ்சம் குனிந்தே இருந்தார்.

"வாங்க, உட்காருங்க. வர்றவங்களுக்கு ஒரு நாற்காலிதான் இருக்கு. யாரும் வர்றதில்லையா, ரெண்டாவதை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நான் நின்னாத்தான் சார் நல்லா பேசுவேன்," என்றான் வானொலி.

"உட்கார்ந்தா?"

"உட்கார்ந்தாலும் அதேதான். மத்தவங்களுக்குத்தான் கால் வலிக்கும்."

பேராசிரியர் சிரித்தார். சிரித்துப் பழக்கம் விட்டுப்போனவர் சிரிப்பது மாதிரி, பாதியில் நிறுத்தி, இது சரிதானா என்று பார்த்துக்கொண்டார்.

அண்ணி சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "அந்தப் பொண்ணு ஏமாத்தினான்னு நீங்க நம்பறீங்களா, சார்?"

"நம்பல."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் அவ ஏமாத்தினான்னு சொல்லவே இல்லம்மா. ஏறலன்னு சொன்னேன். ஏறல. கண்ணால பார்த்ததைச் சொல்லாம, அவ என்கிட்ட படிச்ச பிள்ளைங்கறதுக்காக மாத்திச் சொல்ல முடியுமா? நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதானே?" அவர் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "ராத்திரியெல்லாம் யோசிக்கறேன். எங்க தப்புன்னு தெரியல."

"நடிப்பு," என்று வானொலி முணுமுணுத்தான்.

அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியரின் இடது செருப்பின் முன்பக்கம் கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கட்டைவிரல் வெளியே வந்து நின்றது. தக்காளி நிறம். தோல் பளபளவென்று இறுகியிருந்தது.

அந்த விரல் அவளுக்குத் தெரிந்த விரல். அவள் கணவருக்கும் அதே விரல்தான். 'மேல போர்வை படாம பார்த்துக்கோ. கொசு உட்கார்ந்தாக்கூட உயிர் போகுது' என்பார். அவரைத் தொடாமல் கட்டில் ஓரத்தில் எத்தனையோ நாள் படுத்திருக்கிறாள். இப்போது கட்டில் முழுவதும் அவளுக்குத்தான். இன்னமும் ஓரத்தில்தான் படுக்கிறாள்.

"யூரிக் ஆசிடா, சார்?"

"பழைய சொத்து," என்றார் அவர், காலை உள்ளே இழுத்துக்கொண்டே. "ரொம்ப வருஷமா இருக்கு."

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேனே." மேசை மேல் கிடந்த மாத்திரை அட்டையைக் காட்டினார். எல்லாக் குழியும் காலி. குப்பைக் கூடையில் இன்னும் சில காலி அட்டைகள். அண்ணியின் சமையலறை அலமாரியில் அதே மாத்திரை மிச்சம் இருக்கிறது. அதை எடுத்துப் போட அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை. அந்த அட்டையின் நிறத்தை அவள் தூக்கத்திலும் சொல்வாள்.

"தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லியிருப்பாங்களே?"

"ஆமா, ஆமா."

ஜன்னல் கட்டையில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படவில்லை. மேலே தூசி படிந்திருந்தது.

அண்ணி எழுந்தாள். "வர்றேன் சார்," என்றாள். வாசல் வரை போய், தலை இடிக்காமல் குனிந்து, அங்கேயே நின்றாள்.

"தம்பி, உங்கண்ணன் இந்த மாத்திரையைச் சாப்பிட்ட காலத்துல வீட்டுல என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? குடம் குடமா தண்ணி குடிப்பார். பாத்ரூம் கதவுக்கே கால் வலிக்கும். ஆனா விரல் வத்திப்போயிடும். ஷூ போட்டுக்கிட்டு நடப்பார்."

"நிறுத்தினா?"

"மறுபடி தக்காளிப்பழம்."

அண்ணி திரும்பினாள். "சார், உங்க மாத்திரை தீர்ந்துக்கிட்டே இருக்கு. தண்ணி பாட்டில் தொட்டபாடா இல்ல. விரல் நாளுக்கு நாள் வீங்குது. அந்த மாத்திரையை நீங்க சாப்பிடல. யார் சாப்பிடறாங்க?"

பேராசிரியரின் கண் ஒரு கணம் தன்னையறியாமல் அலமாரிப் பக்கம் போய் வந்தது. வானொலி அதற்குள் அலமாரிக் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே மருந்து இடிக்கிற சின்னக் கல்வம். அடியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. பக்கத்தில் மீன் தீனி டப்பாவும், காப்ஸ்யூல் அட்டைகளும்.

"அட, முழு ஆஸ்பத்திரியே இருக்கு!"

"வாயை மூடு, தம்பி."

மாடிப்படியில் யாரோ இறங்கிப் போனார்கள். ஒவ்வொரு காலடியும் பேராசிரியரின் தலைக்கு மேல் விழுந்தது. சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவர் பேசினார்.

"வால் அழுகிக் கிடந்துதும்மா," என்றார். "நாலஞ்சு செத்து மிதந்தது. அவ வர்றப்ப தொட்டி காலியா இருந்தா என்ன செய்வா? அம்மாவை வேற பறிகொடுத்துட்டு வரா. ஆபீஸ்ல பேசிக்கிட்டது காதுல விழுந்துது. என்கிட்ட அவ சொல்லல. ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர்றதில்ல. வேலை இருக்கும்."

"சாவி?"

"ஒண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு வெட்டி வச்சுக்கிட்டேன்." வெட்கப்பட்ட பையன் மாதிரி மேசையைப் பார்த்தார். "மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போறப்ப போய் உட்காருவேன். குமிழி சத்தம் கேட்டுக்கிட்டிருக்கும். நான் ஏதாவது பேசிக்கிட்டிருப்பேன். வீட்டுல குழாய் சொட்டற சத்தம்தான்."

"என்ன மருந்து போட்டீங்க?"

"பென்சிலின் வகை. ஆனா அதுல ஒரு தொல்லை. உடம்புல ஏறின உடனே சிறுநீரகம் அதை அள்ளி வெளிய கொட்டிடும். நான் படிக்கற காலத்துல எங்க வாத்தியார் சொல்வார், பென்சிலின் கிடைக்காத நாள்ல நோயாளியோட சிறுநீர்லேர்ந்தே அதைத் திரும்பப் பிரிச்சு எடுத்தாங்கன்னு."

"சார், நான் இன்னிக்குச் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்," என்றான் வானொலி பலவீனமாக.

"அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பென்சிலினோட இந்த மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தா, மருந்து உடம்புலயே தங்கும். ஏன்னா இந்த மாத்திரை போய் அந்த செல்லுங்களோட வாசல்ல..."

அவர் பாதியில் நிறுத்தினார்.

கை மேசை விளிம்பை விட்டு நழுவியது. அண்ணி எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறாள். பிடிபட்டவர்கள் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வெகுதூரம் வந்த பிறகு, அடுப்பை அணைக்கவில்லை என்று ஞாபகம் வந்தவரின் முகம்.

"வாசல்ல?" என்றான் வானொலி. "வாசல்ல என்ன சார்?"

"அடைச்சுக்கிட்டு நிக்கும்," என்றார் பேராசிரியர்.

"பஸ் படியில தொத்திக்கிட்டு, உள்ளயும் போகாம இறங்கவும் மாட்டாம நிக்கறானே, அவனை மாதிரியா? பின்னாடி வர்றவன் ஏறவே முடியாது!"

"பென்சிலினும் அதே வாசல்தான். சாயமும் அதே வாசல்தான். வருஷா வருஷம் பாடம் நடத்தினேன். கரும்பலகையில படம் போட்டு நடத்தினேன்." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அன்னிக்கு அது எனக்கு நோயாளியா தெரிஞ்சுது. பரிசோதனையா தெரியல. இன்னும் போட்டுக்கிட்டிருக்கேன். நேத்துகூட. டைரக்டர் செஞ்சு பாருங்கன்னு சொன்னப்ப, நானே மருந்து போட்ட மீனை எடுத்து, நானே சாயம் ஏத்தி, ஏறலன்னு நானே..."

வானொலி அண்ணியைப் பார்த்தான். அவனுக்கு இப்போது விளங்கியது. பெண்ணும் பேராசிரியரும், இரண்டு பேரும் உண்மைதான் சொன்னார்கள்.

"இதை நாளைக்கு விசாரணையில சொல்வீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"சொன்னா சாவியைக் கேப்பாங்க. சாவியோட விடமாட்டாங்க. கேட்லயே நிறுத்திடுவாங்க." அவர் தன் விரலைப் பார்த்தார். "இங்க வரலன்னா, நான் காலையில எழுந்திருக்கறதுக்குக் காரணமே கிடையாதும்மா."

காரணம் இல்லாமல் எழுந்திருப்பது எப்படி என்று அண்ணிக்குத் தெரியும். ஆனால் அதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது.

பேராசிரியர் மேசையை ஊன்றி எழுந்தார். தலை சரிந்த கூரையில் இடித்தது. தடவிக்கொள்ளவில்லை.

"சொன்னா மட்டும் போதாது," என்றார். "கிழவன் தன் பிள்ளையைக் காப்பாத்தப் பழியை ஏத்துக்கறான்னு நினைப்பாங்க. காட்டணும். மருந்து படாத மீன் ஒண்ணு வேணும். எல்லாத் தொட்டிலயும் போட்டுட்டேனே."

"ஒண்ணு இருக்கு," என்றாள் அண்ணி.

* * *

"இதுக்கா?" ஆராய்ச்சிப் பெண் ஜாடியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். விஷயம் முழுவதும் கேட்ட பிறகும் பேராசிரியரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரும் வாசலிலேயே நின்றார்.

"சாகுமா?" என்றான் வானொலி.

"சாகாது. கொஞ்ச நேரம் கோவிச்சுக்கும்."

"அப்புறம் என்ன? நான் சமாதானம் சொல்லிக்கறேன்."

அவளே சாயம் ஏற்றினாள். விளக்கை அணைத்து நீல வெளிச்சத்தைப் போட்டாள். நான்கு பேரும் இருட்டில் நின்றார்கள். குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க பாருங்க, சார்," என்றாள் அவள் கடைசியில். இருட்டைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பேராசிரியர் நொண்டிக்கொண்டே வந்து குனிந்தார்.

"மூட்டமா இருக்கு," என்றார். இதுவும் ஏறாவிட்டால் நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு வழியும் இல்லை.

"இன்னும் மூட்டம்தான்."

யாரோ மூச்சு விட்டார்கள்.

"உடம்பு தெளியுது," என்றார் அவர் மெல்ல. "வால் பக்கம் தெளிஞ்சாச்சு. இரும்மா... இரு... ஏறுது. ரெண்டு பக்கமும். இழுக்குது பாரு! வந்து பாரு, எப்படி இழுக்குது!"

அவள் அவரை லேசாகத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். பிறகு அண்ணி பார்த்தாள். உடம்பெல்லாம் கண்ணாடியாகிவிட்ட அந்தச் சின்ன மீனுக்குள், யாரும் சொல்லாமல், யாருக்கும் தெரியாமல், இரண்டு மெல்லிய இழைகள் பச்சையைச் சேர்த்துச் சேர்த்துக் குவித்துக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழைகளின் நுனியில் வெளிச்சம் வழிந்து வெளியே போயிற்று.

"தனிக்குடித்தனம் மானத்தைக் காப்பாத்திடுச்சு," என்றான் வானொலி.

விளக்கு வந்ததும் பேராசிரியர் மேசைத் தொலைபேசியை எடுத்தார். டைரக்டர் லைனில் வந்தார் போலிருக்கிறது. "நான்தான் பேசறேன். நான் சொன்ன சாட்சி தப்பு... ஆமா, என் தப்பு. மீனுக்கு மருந்து போட்டது நான்... அனுமதி இல்லாமத்தான். சாவி இருந்தது... ஆமா... புரியுது... இல்ல, காலையில நானே நேர்ல வந்து சொல்றேன். சொல்லிட்டு, அப்படியே போயிடறேன்."

அவர் ரிசீவரை வைத்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசை நடுவில் வைத்தார். ஜாடிக்குப் பக்கத்தில்.

ஆராய்ச்சிப் பெண் சாவியைத் தொடவில்லை. ஸ்டூல் ஒன்றை இழுத்து அவர் முன்னால் போட்டாள்.

"காலைத் தூக்கி வைங்க, சார்."

"வேண்டாம்மா."

"வைங்க. இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

"தீர்ந்து போச்சு."

"மருந்தை நிறுத்தினா மீனுக்கு நோய் திரும்ப வருமா?"

"வரலாம். தினம் யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அண்ணியும் வானொலியும் கிளம்பும்போது அவர் கால் ஸ்டூல் மேல் இருந்தது. சாவி மேசை நடுவில் அப்படியே இருந்தது.

* * *

பஸ் நிறுத்தத்தில் யாருமில்லை. சாயங்கால வெளிச்சம் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களில் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தது. பேராசிரியருக்கு மாத்திரை வாங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்த வானொலி, பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்திருந்தான். வந்ததிலிருந்து பேசவில்லை.

அண்ணி தெருவைப் பார்த்தாள். பஸ் வரவில்லை. வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்க வேண்டும், விளக்கைப் போட வேண்டும். அலமாரியில் அந்த அட்டை இருக்கும். மூன்று தெரு தள்ளி இவன் போய் இவன் கதவைத் திறப்பான்.

"என்ன, இப்படி இருக்கே?"

"நீங்கதானே வாயை மூடச் சொன்னீங்க."

"அது மத்தியானம்."

"நீங்க எப்பத் திறக்கலாம்னு சொல்லல."

அண்ணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏதாவது பேசேன், தம்பி."

அவன் திரும்பிப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தின்னாலும் சரி. பஸ் வர்ற வரைக்கும்."

அவன் பேச ஆரம்பித்தான். பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை.